உலகுவின் வயிற்றுக்கு லைன் ஸ்டாப் போட்டது பற்றி

மண்ணூர்,
புதன்கிழமை சாயங்காலம்.

அரசுப் பேருந்து ஓட்டுநராய் இருந்து ஓய்வு பெற்ற என் மாமனார் உயர்திரு மாசானம் அவர்களின் சமூகத்திற்கு,

மருமகன் மாரிமுத்து அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் தங்கள் பேத்தி உலகுவும் நலம். அவ்விடம் தாங்கள், அத்தை, ஆடுகள், கிணற்றடி முருங்கை உட்பட எல்லோரும் நலமாய் இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். மேலே "நலம்" என்று எழுதியிருப்பது இன்று மத்தியானத்துக்குப் பிந்திய நிலவரம். அதற்கு முந்திய நிலவரத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தாங்கள் இதை உட்கார்ந்துகொண்டு படிக்க வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அத்தை பக்கத்தில் இருந்தால் எழுந்து கிணற்றடிக்குப் போய்ப் படிக்கவும்.

நேற்றுச் சாயங்காலம் தாங்கள் போன் செய்தபோது நான் ஓடி வருவதற்குள் பாப்பா எடுத்துவிட்டாள். எடுத்தவள் நலம் விசாரிக்காமல், "தாத்தா, அப்பா எனக்குச் சோறு தரல" என்று சொல்லிவிட்டாள். நான் போனைப் பிடுங்கி "மாமா, அது வந்து" என்பதற்குள் "வாறேன்" என்ற ஒரே சொல்லோடு வைத்துவிட்டீர்கள். அதிலிருந்து தங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. அத்தைக்குப் போன் அடித்துக் கேட்கலாம், ஆனால் அத்தைக்குத் தெரிந்தால் அடுத்த நிமிஷம் ஓசூரில் டிரெயினிங்கில் இருக்கும் தங்கள் மகள் கனகலட்சுமிக்குத் தெரியும். அவள் இங்கே வந்து என்னை என்ன செய்வாள் என்பதைத் தாங்கள் வளர்த்த பிள்ளை என்பதால் தாங்களே அறிவீர்கள். ஒரே ஒரு நிம்மதி என்னவென்றால், நேற்று செவ்வாய், இன்று புதன், இரண்டு நாளும் வடக்கே சூலம். சூலம் பார்க்காமல் தாங்கள் சந்தைக்குக்கூடப் போனதில்லை. ஆகவே நாளைக்குத்தான் கிளம்புவீர்கள் என்று கணக்குப் போட்டு, இன்று ராத்திரி பஸ்ஸில் ஊருக்கு வருகிற பக்கத்து ரூம் வேல்ராஜ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். விடியும்போது தங்கள் கைக்கு வந்துவிடும். போனில் தங்கள் குரலைக் கேட்டால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. காகிதத்தில் என்றால் நடுவில் தாங்கள் வைத்துவிட முடியாது.

பாப்பா சொன்னது உண்மைதான் மாமா. நான் சோறு கொடுக்கவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

கனகு திங்கட்கிழமை காலையில் ஓசூருக்கு பஸ் ஏறினாள். போகும்போது பிள்ளையை என்னிடம் கொடுத்து, "வர்ற வரைக்கும் அப்படியே இருக்கணும், ஒரு கீறல் இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள், ஏதோ வாடகைக்கு எடுத்த வண்டி மாதிரி. அன்றைக்கு ராத்திரி வரைக்கும் ஒரு கீறலும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் பாப்பா எழுந்து "அப்பா, வயிறு" என்றாள். நான் தூக்குவதற்குள் போய்விட்டது. தண்ணியாய்ப் போனது. கழுவி வேற சட்டை போட்டு உட்கார வைத்துப் பால் கொடுத்தேன், அதுவும் போச்சு. மறுபடி கழுவினேன், மறுபடி போச்சு. எங்க வீட்டுல இருந்த துணியெல்லாம் மத்தியானத்துக்குள்ள கொடியில ஏறிருச்சு மாமா, கடைசியில என் பழைய லுங்கியைக் கிழிச்சுக் கட்டி விட்டேன். பயம் வந்தா மனுஷனுக்குத் தெரிஞ்ச வேலைதானே ஞாபகத்துக்கு வரும், எனக்குத் தெரிஞ்ச வேலை கம்பெனி வேலை.

நான் குவாலிட்டியில இருக்கேன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க அதைச் சொந்தக்காரங்ககிட்ட "குழாயைத் திருப்பித் திருப்பிப் பாக்குற உத்தியோகம்"னு சொல்லுவிய, அதேதான். பிரேக் குழாய் வரிசையா வரும்போது ஒண்ணு கோளாறா வந்துச்சுன்னா எங்க சட்டம் என்னன்னா, முதல்ல லைனை நிறுத்தணும். உள்ள போற சரக்கை நிறுத்தணும். சந்தேகம் இருக்கிற சரக்குல எல்லாம் ஹோல்டுன்னு எழுதி சிவப்பு டேக் கட்டணும். காரணம் கண்டுபிடிக்கிற வரைக்கும் ஒரு துண்டுகூட உள்ள போகக் கூடாது. கண்டுபிடிச்சு எல்லாம் சரியான பிறகு பச்சை டேக். போன வருஷம் அப்படி நான் தைரியமா லைனை நிறுத்தினதுக்குத்தான் கம்பெனியில சுவர்க் கடிகாரம் குடுத்தாங்க, உங்க வீட்டு நடு ரூம்ல ஓடாம மாட்டியிருக்கே, அந்தக் கடிகாரம். ஆக, உள்ள போறது எல்லாம் வெளிய வருதுன்னா உள்ள போறதை நிறுத்து. இதுல என்ன தப்புன்னு அன்னைக்கு எனக்குத் தோணல. கம்பெனிப் பையில டேக் கிடந்துச்சு. பால் பாக்கெட்டுக்கு சிவப்பு டேக். பிஸ்கட் டப்பாவுக்கு, இட்லி மாவுக்கு, வாழைப்பழச் சீப்புக்கு, சோத்துப் பானைக்கு, எல்லாத்துக்கும் டேக் கட்டிட்டேன். பாப்பா அழுதா வெறும் தண்ணியில வாயை நனைச்சு விட்டேன், அதையும் கொஞ்சமாத்தான், ஏன்னா அதுவும் வெளிய வந்துரும்ல.

சூப்பர்வைசர் அந்தோணிராஜ் சாருக்கு லீவு கேட்டு போன் போட்டா, அவர் லீவு தாறேன், ஆனா காரணத்தைக் கண்டுபிடி, ஏன் ஏன்னு அஞ்சு தடவை கேளு, அஞ்சாவது ஏன்ல உண்மை வந்து நிக்கும்னு சொன்னார். நானும் கேட்டேன். ஏன் வயித்தால போகுது? ஏதோ சேரல. ஏன் சேரல? அல்வா தின்னுருக்கா. ஏன் அல்வா தின்னா? கட்டிலுக்கு அடியில டப்பா இருந்துச்சு. ஏன் இருந்துச்சு? ஊர்ல இருந்து வந்துச்சு. ஏன் வந்துச்சு? அந்த இடத்துல உங்க பேரு வந்து நின்னுச்சு மாமா. நான் பயந்துபோய் கேள்வியை அதோட நிறுத்திட்டேன். உங்க மேல நான் குத்தம் சொன்னேன்னு தயவுசெய்து நினைக்கக் கூடாது.

எங்க வீட்டு ஓனர் கங்கம்மா அக்காவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், போன தடவை நீங்க வந்தப்ப மோட்டார் போட்டதுக்குச் சண்டை பிடிச்சாங்களே, அவங்கதான். அவங்க வந்து பாத்துட்டு, பிள்ளைக்குத் தொக்கம் விழுந்திருக்கு, சோத்துப் பருக்கை தொண்டையில சிக்கிக்கினு கீது, வாலாஜாபாத்ல ஒருத்தர் ஊதி எடுப்பாரு, வா போலாம்னாங்க. நான் வரலைன்னேன். அப்ப ஓமத்தண்ணியாவது குடுன்னாங்க, அதுக்கும் டேக் கட்டிட்டேன்னேன். அப்புறம் பாப்பாவை இடுப்புல வச்சுக்கிட்டு மாடிப்படி பக்கம் போனாங்க, நான் பின்னாலயே போய்ப் பாத்தா முந்தானைக்குள்ள ஒரு பொறை ரொட்டியை வச்சு ஊட்டப் பாக்காங்க. கம்பெனி கேட்டுல செக்யூரிட்டி டிபன் பாக்ஸைத் தொறந்து பாக்குற மாதிரி நான் முந்தானையை விரிக்கச் சொல்லிப் பொறையை வாங்கிட்டேன். "இன்னாபா நீ, கொயந்த வவுத்துக்குப் பூட்டு போட்டுக்கினு கீற" அப்படின்னு என்னை ஒரு பார்வை பாத்தாங்க. அந்தப் பொறைக்கும் டேக் கட்டினேன் மாமா. என்னை என்ன சொல்லித் திட்டினாலும் தகும்.

அந்த நேரம்தான் உங்க போன் வந்துச்சு.

உங்க போனுக்கப்புறம் பாப்பா அழுதுக்கிட்டே தூங்கிட்டா. போறதும் நின்னிருச்சு. எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு, லைன் கன்ட்ரோலுக்கு வந்துட்டுன்னு நினைச்சேன். உள்ள ஒண்ணும் இல்லாததால நின்னுருக்கு, அது எனக்குத் தெரியல. பொழுது விடியும்போது பாப்பா எழுந்து அழுதா. எப்பவும் அழுற மாதிரி இல்ல. சத்தம் பூனைக்குட்டி மாதிரி வந்துச்சு. முகத்தைத் துடைப்போம்னு கன்னத்துல கை வச்சேன், கன்னம் காஞ்சு கிடந்துச்சு. அழுதா மாமா, ஆனா கண்ணுல தண்ணி வரல. கண்ணு ரெண்டும் உள்ள போயிருந்துச்சு. உதட்டைத் தொட்டா சொரசொரன்னு இருந்துச்சு. "உலகு, உலகும்மா"ன்னு கூப்பிட்டா பாத்தா, திரும்பக் கண்ணை மூடிக்கிட்டா. எனக்கு உசிரே இல்ல. இதுவரைக்கும் எத்தனையோ பீஸை ரிஜெக்ட்டுன்னு தூக்கி டப்பாவுல போட்டவன் நான், அந்த நிமிஷம் அந்தக் கடிகாரத்தை எனக்குக் குடுத்தவனைத் தேடிப்போய் அடிக்கணும் போல இருந்துச்சு.

கங்கம்மா அக்காகிட்ட முந்தின நாள் சண்டையை மறந்து கதவைத் தட்டினேன். அவங்க தலையைக்கூட முடியாம வந்து பாப்பாவை வாங்கிக்கிட்டு பைக்ல பின்னால ஏறிட்டாங்க. முத ஷிப்ட் பஸ்ஸு எல்லாம் வரிசையா நிக்குது, நடுவுல கன்டெய்னர் லாரி ஒண்ணு குறுக்க திரும்புது, நான் ஹாரனை அமுக்கின கையை எடுக்கவே இல்ல. அக்கா பின்னால இருந்து ரோட்டுல போற எல்லாரையும் திட்டிக்கிட்டே வந்தாங்க, அந்தத் திட்டுக்குத்தான் வழி கிடைச்சுதுன்னு நினைக்கேன். நான் மனசுக்குள்ள நம்ம குலசாமிக்கு வேண்டினேன், பிள்ளை பிழைச்சா மொட்டை போடுதேன்னு. அவசரத்துல யாருக்கு மொட்டைன்னு சொன்னேன்னு ஞாபகம் இல்ல. உங்க பேரைச் சொல்லியிருக்க மாட்டேன்னுதான் நம்புதேன்.

அரசு ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா இருந்தாங்க. பாப்பா வயித்துத் தோலைக் கிள்ளிப் பாத்தாங்க, அது மெதுவாத்தான் இறங்குச்சு. கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்னு கேட்டாங்க, எனக்குச் சொல்லத் தெரியல. நேத்துல இருந்து என்ன குடுத்தீங்கன்னு கேட்டாங்க. அதுக்கு மட்டும் எனக்குப் பதில் தெரிஞ்சுது. "ஒண்ணுமே குடுக்கல மேடம். ஃபுல் லைன் ஸ்டாப்" அப்படின்னேன். அந்தம்மா கண்ணாடியைக் கழட்டி மேஜையில வச்சாங்க. அதைப் பாத்ததும் பின்னால நின்ன கங்கம்மா அக்கா ரெண்டு அடி தள்ளி நின்னுக்கிட்டாங்க. பையில சாம்பிள் வேற ஒரு டப்பாவுல லேபிள் ஒட்டிக் கொண்டு போயிருந்தேன், அதை வெளிய எடுக்க எனக்குத் தைரியம் வரல.

டாக்டரம்மா திட்டுவாங்கன்னு நினைச்சேன், திட்டல. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாங்க. "வயித்தால போற பிள்ளைக்குத்தாங்க கூடக் குடுக்கணும். போறது போகட்டும், நீங்க ஊத்துறதை நிறுத்திராதீங்க." அவ்வளவுதான். பாக்கெட்டுல இருந்த உப்புச் சர்க்கரைப் பொடியை அங்கேயே ஒரு லிட்டர் கொதிச்சு ஆறுன தண்ணியில முழுசாக் கரைச்சு, பெஞ்சுல எங்களை உக்கார வச்சு, ஸ்பூன் ஸ்பூனா ஊத்தச் சொன்னாங்க. கக்கினா கொஞ்சம் நிறுத்தி மறுபடி மெதுவா ஊத்தணுமாம். நான் ஒரு ஸ்பூனுக்கும் அடுத்த ஸ்பூனுக்கும் இடைவெளி எவ்வளவு மேடம், முன்னப்பின்ன எவ்வளவு போலாம்னு கேட்டேன். பிள்ளை முகத்தைப் பாத்து ஊத்துங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. மாமா, எனக்கு அதுவரைக்கும் வேலையில யாரும் முகத்தைப் பாத்துச் செய்யச் சொன்னதில்ல.

ஊத்தினேன். முதல்ல துப்பினா. மறுபடி ஊத்தினேன். ஒரு தடவை கக்கினா, கொஞ்சம் நிறுத்தி அப்புறம் மெதுவா ஊத்தினேன். கொஞ்ச நேரத்துல அவளாவே வாயைத் தொறந்தா. வெயில் ஏறுற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தோம். அப்ப என் மடி சூடா நனைஞ்சுது. ஒண்ணுக்குப் போயிட்டா மாமா. என் யூனிஃபார்ம் பேன்ட் பூரா நனைச்சுட்டா. நான் அந்தப் பெஞ்சுலயே உக்காந்து ஓன்னு அழுதுட்டேன். கங்கம்மா அக்கா, "இன்னாபா, ஒண்ணுக்குப் போனதுக்கா அயுவுற" அப்படின்னாங்க. அதுக்குத்தான் அழுதேன். அவளும் என்னைப் பாத்து அழுதா, அவ கண்ணுலயும் தண்ணி வந்துச்சு. கண்ணுல தண்ணி வந்ததைப் பாத்து நான் இன்னும் அழுதேன். எங்களைப் பாத்து வரிசையில நின்ன ரெண்டு மூணு அம்மாமாருங்களும் அழுதாங்க, என்ன ஏதுன்னு தெரியாமலே.

ரத்தம் கலந்து போனாலோ, குடிக்க மாட்டேன்னு சோந்து விழுந்தாலோ உடனே தூக்கிட்டு வாங்கன்னு சொல்லி, ஜிங்க் மாத்திரையும் பொடிப் பாக்கெட்டும் குடுத்து அனுப்புனாங்க. வீட்டுக்கு வந்ததும் நான் முதல்ல செஞ்ச வேலை டேக்கை எல்லாம் அவுத்ததுதான். அரிசி நொய்யும் பாசிப்பருப்பும் வறுத்துப் போட்டுக் கஞ்சி வச்சேன். முதல் கஞ்சி அடிப்பிடிச்சிட்டு, அதை நான் குடிச்சேன், எனக்கு அது தண்டனைன்னு வச்சுக்கிட்டேன். ரெண்டாவது கஞ்சி கங்கம்மா அக்கா மேற்பார்வையில குழைய வெந்துச்சு. உப்புப் போட்டு, ஆற வச்சு, கொஞ்சம் தயிர் விட்டு ஊட்டினேன். பாப்பா கிண்ணத்தைப் பாத்தா, என்னைப் பாத்தா. தருவானா பிடுங்குவானான்னு அந்தப் பார்வை. அது எனக்கு எந்த ஜென்மத்துக்கும் மறக்காது மாமா. குடிச்சு முடிச்சு "இன்னும்"னு கேட்டா. இன்னும் குடுத்தேன். அதுக்கப்புறம் ஒரு தடவை போச்சு, போகட்டும்னு விட்டேன், மறுபடி ஊத்தினேன். இப்ப பாதி வாழைப்பழத்தைக் கையில வச்சுக்கிட்டு, எனக்கும் டேக் வேணும்னு அழுது ஒரு பச்சை டேக்கை வாங்கிச் சட்டையில கட்டிக்கிட்டுத் தெரிஞ்சவங்க தெரியாதவங்க எல்லார்கிட்டயும் காட்டிக்கிட்டு நடக்கா. அவுத்துப் போட்ட சிவப்பு டேக்கை எல்லாம் பொறுக்கி அவளே பத்திரமா வச்சிருக்கா.

இதுதான் நடந்தது. கல்யாணத்தப்ப நீங்க சொன்னது எனக்கு நினைவிருக்கு. கம்பெனி ஊர்ல பிள்ளை வளக்குறது லேசுப்பட்ட காரியமில்ல, என் பேரனோ பேத்தியோ அங்க ஒரு வேளை பட்டினி கிடந்ததாக் கேள்விப்பட்டா மறு பேச்சு இல்லாமத் தூக்கிட்டு வந்துருவேன்னு. ஒரு வேளை இல்ல மாமா, ஒரு பகலும் ஒரு ராத்திரியும் கிடந்துட்டா. நீங்க வந்து தூக்கினா எதிர்த்துப் பேச எனக்கு வாய் இல்ல. ஆனா அவ இல்லாத வீட்டுக்கு ஷிப்ட் முடிஞ்சு வர என்னால முடியாது. கதவைத் தொறந்ததும் ஓடி வந்து என் கம்பெனி ஷூவைக் காலோட கட்டிப் பிடிச்சுக்கிடுவா. அதை மட்டும் எடுத்துட்டுப் போயிராதீங்க. நாளைக்கு நீங்க பஸ் ஏற வேண்டாம். நல்லபடியா நாலு திட்டு எழுதி வேல்ராஜ் கையிலயே குடுத்து விடுங்க, தலையில வச்சுக்கிடுதேன். முப்பது வருஷம் எவன் கெஞ்சினாலும் வண்டியை நடுவழியில நிறுத்தாதவர்னு உங்களுக்குப் பேரு. உங்க கோபத்தை மட்டும் எனக்காக ஒரு தடவை நிறுத்துங்க.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும், வேறு எதையும் சொல்ல வேண்டாம். ஆடு கன்று பெருகி, கிணற்றில் நீர் ஊறி, தாங்கள் நூறாண்டு மீசையோடு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கட்டளைக்குக் கீழ்ப்படியும் மருமகன்,
மாரிமுத்து.

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதினதை எல்லாம் விட்டுருங்க. வேல்ராஜ் இந்தக் கடிதத்தை வாங்க வந்து நிக்கும்போதே வாசல்ல ஷேர் ஆட்டோ வந்து நின்னு, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நீங்க இறங்குனிய. நான் கால்ல விழலாம்னு குனிஞ்சேன், நீங்க என்னைத் தாண்டி "கக்கூஸ் எங்க மாப்ள"ன்னு கேட்டுக்கிட்டே போயிட்டிய. போய்ட்டு வந்து போய்ட்டு வந்து நீங்க சொன்னதை வச்சுத்தான் எனக்குக் கதை புரிஞ்சுது. பேத்திக்காகச் சூலத்தையும் பாக்காம நேத்து ராத்திரியே பஸ் ஏறியிருக்கிய. வடக்கே சூலத்துக்குப் பரிகாரம் பால்னு பஸ் ஸ்டாண்டுல பால் வாங்கிக் குடிச்சிருக்கிய. அந்தப் பால் மதுரை தாண்டினதும் வேலையைக் காட்டியிருக்கு. நிறுத்தச் சொல்லிக் கேட்டா, பஸ்ஸை ஓட்டினது உங்ககிட்டத் தொழில் படிச்ச கொம்பையா மகனாம், "நடுவழியில நிறுத்தக் கூடாதுன்னு நீங்கதான அண்ணாச்சி சொல்லிக் குடுத்திய"ன்னுட்டானாம். விழுப்புரத்துல இறங்கி அங்கேயே பாதிப் பகல் போச்சாம், போன்ல சார்ஜ் கிளம்பும்போதே போச்சாம். இவ்வளவும் அந்தப் பிள்ளை சொன்ன ஒரு வார்த்தைக்காக. என்னை ஒரு வார்த்தை திட்டக்கூட உங்களுக்குத் தெம்பில்ல, அது எனக்குப் பயத்தைவிடப் பெரிய கஷ்டமா இருக்கு.

கஞ்சி தாறேன்னு சொன்னேன். நீங்க ஒண்ணும் வேண்டாம் மாப்ள, வயித்தைக் காயப் போட்டா சரியாப் போயிரும்னு சொல்லிப் பாயில சுருண்டு படுத்துட்டிய. நான் அதுக்கு என்ன சொல்ல முடியும், நானே நேத்து வரைக்கும் அந்தக் கட்சிதான். ஆனா பாப்பா கேட்டுக்கிட்டே நின்னா. அவளே போய் ஒரு சிவப்பு டேக்கை எடுத்துட்டு வந்து, உங்க சட்டைப் பொத்தான்ல கட்டியிருக்கா. நீங்க கவனிச்சியளோ என்னமோ, அதோடதான் மறுபடி உள்ள போயிருக்கிய. பச்சை கட்டுற வரைக்கும் தாத்தா எங்கயும் போகக் கூடாதாம். யாரையும் தூக்கிட்டுப் போகவும் கூடாதாம், இது மட்டும் நான் சேத்துச் சொன்னது. கனகு வர்ற வரைக்கும் இங்கேயே இருங்க மாமா. எனக்கு நாளைக்கு ஷிப்ட் இருக்கு, உங்க வயித்துக்கு நானும் இருக்கேன், என்னைத் திட்ட உங்களுக்கு நாள் இருக்கு. நடந்ததை நீங்க கனகுகிட்டச் சொல்லாதீங்க, கொம்பையா மகன் சொன்னதை நான் யார்கிட்டயும் சொல்லல.

முகத்துக்கு நேரா இதெல்லாம் சொல்ல இன்னும் எனக்குத் தைரியம் வரல. அதனால இந்தக் கடிதத்தைக் கக்கூஸ் கதவுக்கு அடியில தள்ளி விடுதேன். அவசரமில்ல, நிதானமாப் படிச்சிட்டு வாங்க. பாப்பா உப்புச் சர்க்கரைக் கரைசல் டம்ளரும் ஸ்பூனுமா கதவுக்கு இந்தப் பக்கம் உக்காந்திருக்கா. நான் வாங்கி ஊத்துதேன்னு சொன்னேன், தரமாட்டேங்கா. தாத்தா முகத்தைப் பாத்து அவதான் ஊத்துவாளாம்.